சர்வரில் கறுப்புத் திரை வந்தால் உடனே பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் அரவை மில் இருக்கிறது. எடைச் சீட்டு, மூட்டைக் கணக்கு, கூலி எல்லாம் ஒரு பழைய லினக்ஸ் (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்) சர்வரில்தான். இப்படி ஒரு சர்வரை வெளியாளை நம்பி விட்டிருக்கும் மில்காரர்களும் உரக்கடைக்காரர்களும் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் சர்வீஸ் முடிந்தது. மறுநாள் காலை சர்வரைப் போட்டால் வழக்கமான திரை வரவில்லை. கறுப்பில் ‘லாகின்’ என்று ஒரு வரி மட்டும் நின்றது. சர்வீஸ் செய்தவரே வந்து பார்த்து, “கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது” என்றார். 6,500 ரூபாய். ரசீது தரவில்லை. கழற்றிய கார்டை அப்பா மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார்; நல்லவேளை.

தை பிறந்தது. சம்பா நெல்லோடு வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்ற வாரத்தில், மறுபடி சர்வீஸ், மறுநாள் அதே கறுப்புத் திரை. இம்முறை மதர்போர்டாம், 28,000. அப்பா பீரோவையே திறந்துவிட்டார்.

பொங்கலுக்கு வந்திருந்த தங்கை மகன்தான் தடுத்தான். “போர்டு போயிருந்தால் இந்த எழுத்து எப்படி மாமா தெரியும்?” உள்ளே நுழைந்து, சர்வர் எந்த நிலையில் ஓடுகிறது என்று காட்டும் ‘ரன்லெவல்’ (runlevel) கட்டளையைத் தட்டினான். பதிலில் கடைசியாக வந்த எண் 3.

எங்கள் சர்வரைப் போன்ற பழைய லினக்ஸில் 3 என்றால் நெட்வொர்க் உட்பட எல்லாம் ஓடும், ஆனால் எழுத்துத் திரை மட்டுமே. படத்திரை வேண்டுமென்றால் 5. பழுது பார்ப்பதற்கு 1. 0 அணைத்துவிடும், 6 மறுபடி துவக்கும். இவை இரண்டையும் தொடக்க நிலையாக வைத்துவிட்டால் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எந்த நிலையில் எழ வேண்டும் என்பதை ‘இனிட்டேப்’ கோப்பில் ஒரே ஒரு வரி சொல்கிறது. அதில் 5 இருந்த இடத்தில் 3 இருந்தது. கோப்பு திருத்தப்பட்ட நேரத்தையும் பார்த்தோம்: முந்தைய நாள் மாலை 5:40. சர்வீஸ்காரர் எங்கள் மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

சர்வரில் எதையும் மாற்ற அனுமதிக்கும் ரூட் கடவுச்சொல்லை அவர் எங்களுக்குக் கொடுத்ததே இல்லை. பையன் சர்வரைத் திரும்பத் துவக்கி, துவக்கத்தில் வரும் ‘கிரப்’ பட்டியலில் நிறுத்தி, லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும் வரியின் கடைசியில், பழுது பார்க்கும் நிலைக்கான 1 சேர்த்தான். கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொண்டது. புதுக் கடவுச்சொல் வைத்தான், 3ஐ 5 ஆக்கினான். பிறகு புதுக் கார்டைக் கழற்றிவிட்டு இழுப்பறையில் கிடந்த பழையதை மாட்டினான். படத்திரை பளிச்சென்று வந்தது.

“மூன்று வருடமாக நம் வீட்டில் சாப்பிட்ட கை” என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை.

உங்களுடையது சிஸ்டம்டி (இனிட்டேப் முறைக்குப் பதிலாக வந்த துவக்க மென்பொருள்) உள்ள புதிய லினக்ஸ் என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்’ (systemctl get-default) என்று தட்டுங்கள். ‘கிராஃபிக்கல்’ என்பதற்குப் பதில் ‘மல்டி-யூசர்’ என்று வந்தால் கறுப்புத் திரைக்குக் காரணம் அதுதான். ‘கிராஃபிக்கல்’ என்றே இருந்தும் படத்திரை வரவில்லையா, அப்போது கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ கார்டையோ சந்தேகப்படுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரூட் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

சர்வீஸ்காரரிடம் போனில் கேட்டதற்கு “தவறுதலாக மாறியிருக்கும்” என்றார். இரண்டு முறையுமா என்றேன். வைத்துவிட்டார். அவர் போய்வரும் இன்னும் இரண்டு மில்களுக்கு நேரில் சென்று சொல்லிவிட்டேன். ஒரு மில்லில் போன மாதம்தான் புதுக் கார்டு மாட்டியிருக்கிறார்கள். பழையதை அவரே எடுத்துப் போய்விட்டாராம்.