மூதாதையர் பதிவு எடுத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் வருகிறது, வம்சாவளி எழுதுகிறோம் என்றால் தேடி வருகிற ஆள் ஒருவர் இருக்கிறார். என்னிடம் 17,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போலிக் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், அப்பாவை ஊரே பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. நிஜப் பெயரும் இறந்த வருடமும் கோயில் பட்டியலுக்கு வேண்டியிருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் அறிமுகமான அந்த ஆள், "பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் பொதுமக்களுக்குத் தர மாட்டாங்கண்ணா. தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருச்சு. எங்கிட்ட ஆய்வாளர் அனுமதி இருக்குதுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்றார். முதலில் 6,500, அப்புறம் 'அனுமதிக் கட்டணம்' என்று 11,000. இரண்டும் ஜிபேயில் போட்டேன். ரசீது கேட்டதற்கு, ரகசிய வேலைக்கு ரசீது கிடையாது என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து லேமினேட் செய்த இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று அப்பாருவின் பிறப்பைப் பதிந்த 1934ஆம் வருடத்துப் பிறப்புப் பதிவேட்டின் பக்கமாம். பழுப்பேறிய காகிதம், நீல மை, ஓரத்தில் பூச்சி அரித்தது போல ஓட்டைகள். இன்னொன்று பூட்டனாரின் இறப்புச் சான்று. பூட்டனாரின் பெயரை ஆத்தாவிடம் (அப்பாருவின் மனைவி) படித்துக் காட்டினேன். "அப்படி ஒரு பேரு நம்மூட்டுல இல்ல சாமி" என்றார். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று இத்தனை வருடம் இருந்தவர், அன்றைக்குத்தான் கொஞ்சம் தயங்கி ஒரு பெயரைச் சொன்னார். நான் அதை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பினேன். கோயில் பட்டியலுக்கும் அந்தப் பொய்ப் பெயரையே கொடுத்தேன்.

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சித்தப்பாதான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சென்னிமலை என்ற சொல்லில் விரலை வைத்தார். பழைய கையெழுத்தில் 'லை' என்ற எழுத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். இதில் இன்றைக்கு நாம் எழுதுகிற 'லை' இருந்தது. அரசு இந்த எழுத்து முறையை ஏற்றது 1978இல். போனில் கேட்டபோது அந்த ஆள் அசரவில்லை. "பெரியார் குடிஅரசுல 1935லயே இப்படித்தானுங்க அச்சடிச்சாரு, அதுவும் நம்ம ஈரோட்டுல" என்றார். பெரியாரின் குடிஅரசு இதழ் அப்படி அச்சிட்டது உண்மைதான். ஆனால் இவர் கொடுத்தது அதற்கு முந்தைய வருடத்துப் பக்கம். ஊர்க் கணக்குப்பிள்ளை அதற்கு முன்பே அப்படி எழுதினாராம்!

சரி, எழுத்தை விடுங்கள். பக்கத்தின் தலைப்பில் 'ஈரோடு மாவட்டம்' என்று அச்சடித்திருந்தது. 1979 வரைக்கும் இந்தப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டம். பிரிந்தபோது பெரியார் மாவட்டம் என்றுதான் பெயர். ஈரோடு மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பிறகு வந்தது. இதைச் சொன்னதும் போன் கட்டானது. அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

இறப்புச் சான்றில் 'காரணம்: பிளேக்' என்று போட்டிருந்ததும் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பதிவேட்டிலிருந்து கொடுக்கும் நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அதே பிரிவுதான், யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவைத் தேடச் சொல்லலாம் என்றும் சொல்கிறது. ஆய்வாளர் அனுமதி எதுவும் தேவையில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று நம்மை நம்பவைத்துத்தான் இவர் சம்பாதிக்கிறார்.

இன்னும் 8,000 கொடுத்தால் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டார் பெயர் இருக்கிற பக்கத்தை எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார். அதை யாராலும் எடுத்துத் தர முடியாது. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அந்தப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். பணம் போட்டு மாதக்கணக்காகிவிட்டதால் இதுவரை எதுவும் திரும்பவில்லை. ஏமாந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அப்புறம் நானே சார்பதிவாளர் அலுவலகம் போனேன். கிராமங்களின் பழைய பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், உத்தேச வருடங்கள் எழுதி மனுக் கொடுத்தேன். தேடும் ஒவ்வொரு வருடத்துக்கும் கட்டணம், அதற்கு ரசீது. மூன்று தடவை நடந்தேன். கிடைத்த அப்பாருவின் பிறப்புப் பதிவு நகலில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பெயர் வைக்கும் முன்பே பதிந்த பதிவுகள் அந்தக் காலத்தில் நிறைய என்றார்கள். தகப்பன் பெயர்க் கட்டத்தில், ஆத்தா சொன்ன அதே பெயர்.

கோயில் பட்டியலில் என் வரியை அடித்துத் திருத்தியாகிவிட்டது. அந்த ஆளிடம் தாள் வாங்கிய வேறு வீடுகளும் இருக்கும். கல்வெட்டில் பொறிக்கக் கொடுப்பதற்கு முன்னால் மாவட்டப் பெயரையும் 'லை' எழுத்தையும் ஒருமுறை பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பெயரை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.