கோடைத் தன்னார்வப் பணி: ஆறு வாரம், ஒன்பது பிள்ளைகள், ஐந்துக்கு மூன்றரை

விண்ணப்பப் படிவத்தில் மூன்றாவது கேள்வி என் டி-ஷர்ட் அளவு. பதினோராவது கேள்வியில்தான் குழந்தைகளோடு பழகிய அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். நான் வீட்டுக்கு ஒரே பெண், சித்தப்பா பிள்ளைகள்கூட என்னைவிட மூத்தவர்கள். 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். இரண்டே நாளில் தேர்வாகிவிட்டீர்கள் என்று மின்னஞ்சல் வந்தது. அன்றைக்கு நான் துள்ளிக் குதித்தேன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை 9 மணியிலிருந்து மதியம் 2.30 வரை பிள்ளைகளோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான் திட்டம். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிக் கட்டடம் ஒன்றுதான் முகாம். 9 முதல் 13 வயது வரை 45 பிள்ளைகள், நாங்கள் பத்துப் பேர், எல்லோருக்கும் மேலே ஒருங்கிணைப்பாளராக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவரை நாங்களும் பிள்ளைகளும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டோம். சம்பளம் கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. அமைப்பின் பெயரை நான் போடவில்லை. வேறு இடங்களுக்குப் போய்வந்த தோழிகளிடம் பேசிப் பார்த்தேன், நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அங்கேயும் இருக்கிறது.

பயிற்சி ஒன்றரை நாள். முதல் நாள் முழுக்க அமைப்பு எப்படி வளர்ந்தது என்று படம் காட்டினார்கள். ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கைதட்டினோம். மறுநாள் காலை டீச்சர் வந்து உட்கார்ந்தபிறகுதான் உண்மையான பயிற்சி. ஒரு பிள்ளையோடு தனியாக, கதவு சாத்திய அறையில் இருக்கவே கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். சொந்த போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளை 'யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா' என்று ஆரம்பித்தால், சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. "உனக்கு உதவி தேவைப்பட்டா டீச்சர்கிட்ட மட்டும் சொல்வேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்போது இதெல்லாம் சந்தேகப் புத்தி என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வாரம் என் குழுவில் ஒரு சிறுமி வாட்டர் பாட்டிலைத் திருகிக்கொண்டே அதே வார்த்தையில் ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்பது இங்கே தேவையில்லை. டீச்சர் அன்றைக்கே அவள் வீட்டில் பேசினார், விஷயம் சரியாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்காவிட்டால் நான் சத்தியம் செய்து மாட்டிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு விதி வைத்தவர்கள் எங்களைப் பற்றி விசாரித்தார்களா என்றால், அதுதான் இடிக்கிறது. எங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரும் நம்பரும் படிவத்தில் கேட்டிருந்தார்கள். நான் கொடுத்த இருவரையும் பிறகு கேட்டேன். யாருமே கூப்பிடவில்லையாம். என்னை நம்பினார்கள் என்று பெருமைப்படவா முடியும்? 45 பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றுதானே அர்த்தம். அரை மதிப்பெண் இங்கேயே போய்விட்டது.

குழு பிரித்ததில் குறை சொல்ல முடியாது. ஒன்பது பிள்ளைகளுக்கு இரண்டு பேர். 1907இல் பேடன் பவல் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே சுமார் 20 பையன்களை நான்கு அணியாகத்தான் பிரித்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கணக்கு செல்லுபடியாகிறது. ஒன்பது பேர் என்பதே அதிகம் என்று முதல் வாரம் முழுக்கத் தோன்றியது, அது வேறு.

எனக்குத் துணையாக வந்தவன் இறுதியாண்டு பொறியியல் மாணவன். வரும்போதே கழுத்தில் விசிலோடு வந்தான். முதல் நாள் காலையில் விசில் அடித்தால் ஒன்பது தலையும் திரும்பியது. பத்தாவது தடவை ஐந்து தலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அடித்த விசிலுக்கு ஒரு காக்கைதான் பறந்தது. டீச்சர் கையை நீட்டினார், விசிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆபத்துன்னா மட்டும் கேளு, தரேன்" என்றார். மறுநாளிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நிற்பது, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்துத் தாங்களும் கை தூக்குவது என்று மாற்றினோம். முதல் தடவை நான்கு நிமிடம் நின்றேன். கை மரத்துப்போனது. வாரக் கடைசியில் இருபது நொடி போதும்.

அமைப்பு கொடுத்த கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் 40 நிமிடம் என்று போட்டிருந்தது. எழுதியவர் குழந்தைகளைத் தூரத்திலிருந்து பார்த்தவர் போலிருக்கிறது. படம் வரைந்து வண்ணம் தீட்டும் வேலையை என் குழு எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு 'அடுத்து என்னக்கா?' என்றது. கையேட்டிலேயே இல்லாத பாராசூட் துணி விளையாட்டோ ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. பெரிய வட்டத் துணியைச் சுற்றி நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், மேலே போட்ட பந்து கீழே விழக் கூடாது. அந்தத் துணியும் ஸ்டோர் ரூமில் நாங்களாகத் தேடி எடுத்ததுதான், பொருள் பட்டியலில் அது இல்லை.

முதலுதவிப் பெட்டி நன்றாக இருந்தது, பயன்படுத்தும் முறையை மட்டும் சொல்லித்தரவில்லை. நான்காம் நாள் ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம். என் துணைவன் அவன் தலையை அண்ணாந்து பிடித்துவிட்டான். நம்மில் பலர் அப்படித்தானே பார்த்து வளர்ந்திருக்கிறோம். டீச்சர் ஓடிவந்து தலையை முன்பக்கம் குனிய வைத்து, மூக்கின் மிருதுவான பகுதியைச் சேர்த்துப் பிடித்து, பத்து நிமிடம் விடாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், வாந்தி வரும். ஒன்றரை நாள் பயிற்சியில் இதற்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். கைதட்டலைக் குறைத்திருந்தால் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு மூன்றரை எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்பீர்கள். கடைசி அரைமணி நேரத்துக்காகத்தான்.

பிள்ளைகள் போனபிறகு பத்துப் பேரும் ஒரு வகுப்பறையில் உட்கார வேண்டும். டீச்சர் தினமும் அதே மூன்று கேள்வி கேட்பார். இன்றைக்கு யார் பேசவே இல்லை? எது எதிர்பாராமல் நன்றாகப் போனது? நாளைக்கு எதை விட்டுவிடப் போகிறீர்கள்? முதல் வாரம் புதன்கிழமை முதல் கேள்வி என்னிடம் வந்தது. மனதுக்குள் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினேன். எட்டு முகம்தான் வந்தது. ஒன்பதாவது யார் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் மூன்று முறை தலை எண்ணி 'ஒன்பது, சரி' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஆனால் மூன்று நாளாக என்னோடு இருக்கும் ஒரு பிள்ளையின் முகம் நினைவில் இல்லை. நான் படிப்பது புள்ளியியல். விடுபட்ட தரவு என்று வகுப்பில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

அன்றிரவே ஒரு நோட்டு போட்டேன். ஒன்பது பெயர், அவரவர் பேசும்போதெல்லாம் ஒரு கோடு. சத்தம் போடுகிற மூன்று பேருக்கே பாதிக்கு மேல் கோடு போனது. என் நினைவுக்கு வராத அந்த ஒன்பதாவது பெண்ணுக்கு இரண்டு நாள் பூஜ்யம், மூன்றாம் நாள் ஒன்று. அந்த ஒன்றும் 'பாத்ரூம் போகட்டுமாக்கா?' என்பதுதான்.

இதை டீச்சரிடம் காட்டியபோது அவர் பேச வைக்கும் வித்தை ஏதும் சொல்லவில்லை. "அவகிட்ட மட்டும் இருக்கிற ஒண்ணை மத்தவங்க தேடி வரணும்" என்றார். பிறகு ஜிக்சா முறையைச் சொல்லித்தந்தார். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கியது. இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது வந்த சண்டையைத் தணிப்பதற்காகச் செய்தது. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்க வேண்டும். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் சேர்ந்து உட்கார்ந்து புரிந்துகொள்வார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லித்தர வேண்டும். மற்றவர்களின் துண்டை அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், வேறு வழி கிடையாது.

தேனீயைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மூன்றாக வெட்டினேன். ஒன்று கூட்டுக்குள் யார் யாருக்கு என்ன வேலை, ஒன்று தேன் எப்படி உருவாகிறது, மூன்றாவது தேனீயின் நடனம். பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ கூட்டில் எட்டு வடிவத்தில் ஆடும். நடுக்கோட்டில் உடம்பை ஆட்டிக்கொண்டே போகும்போது, செங்குத்துக் கோட்டிலிருந்து அது எவ்வளவு சாய்ந்து போகிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு கோணத்தில் பூ இருக்கிறது. ஆட்டம் நீண்டால் தூரம் அதிகம். இதை ஆராய்ந்து சொன்ன விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துண்டை வேண்டுமென்றேதான் அவளுக்குக் கொடுத்தேன்.

முதலில் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். குழுவிலிருந்த பையன் 'புரியலை' என்றான். மறுபடி படித்தாள். 'புரியலைன்னு சொல்றேன்ல' என்றான். நான் குறுக்கே போகலாம் என்று ஒரு அடி வைத்துவிட்டு நின்றேன். அவள் எழுந்தாள். சுவர் ஓரமாகப் போய், சாக்பீஸால் தரையில் ஒரு சூரியன் போட்டாள். பிறகு இடுப்பை ஆட்டிக்கொண்டு எட்டுப் போட்டு நடந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை, அவ்வளவு கவனம். அந்தப் பையன் 'அப்ப பூ அந்தப் பக்கமா?' என்றான். 'இல்ல, நல்லாப் பாரு' என்று அவனை அதட்டினாள். மீதி ஆறு பேரும் அவரவர் துண்டை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றுவிட்டார்கள். என் ஜிக்சா அத்தோடு குலைந்தது. தேன் எப்படி உருவாகிறது என்று அன்றைக்கு யாருமே கற்றுக்கொள்ளவில்லை. அன்றைய நோட்டில் அவள் பெயருக்கு நேரே கோடு போட நான் மறந்துபோனேன்.

இனி ஐந்தாவது வாரத்தின் படப்பிடிப்பு நாள். பயிற்சியின்போது டீச்சர் பலகையில் ஓர் ஏணி வரைந்திருந்தார். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில் வரும் எட்டுப் படி ஏணி அது. குழந்தைகள் ஒரு காரியத்தில் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்று அளப்பது. கீழிருந்து இரண்டாவது படிக்கு அலங்காரம் என்று பெயர். என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பிள்ளைகளைச் சட்டை போட்டு நிறுத்தி வைப்பது. படம் எடுக்கவந்த தலைமை அலுவலகக்காரர்கள் அந்த ஏணியைப் பார்த்ததில்லை போலும். 45 பேருக்கும் ஒரே டி-ஷர்ட், கையில் அட்டை. 'எங்கள் குரலைக் கேளுங்கள்' என்ற அட்டையைப் பிடித்திருந்த என் குழுப் பையன் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டான். பேசாமல் நில்லுப்பா என்றார்கள். குழந்தைகளின் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்று 1989இல் ஐ.நா. போட்ட உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது, ஓய்வும் விளையாட்டும் அவர்கள் உரிமை என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. தண்ணீருக்குத் தனிப் பிரிவு தேவைப்படும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. இன்னொரு அரை மதிப்பெண் கழிவு.

மீதி அரை, கடைசி வாரத்துக்கு. நாங்கள் போகப்போகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. நானும் என் துணைவனும் நான்காம் வாரமே சுவரில் நாட்காட்டி வரைந்து, தினமும் ஒரு பிள்ளை ஒரு கட்டத்தை அடிக்கும்படி வைத்தோம். பக்கத்துக் குழுவில் கடைசி நாள்தான் சொன்னார்கள். அங்கே நடந்த அழுகை எங்கள் பக்கம் நடக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்காவது தினமும் போய்ச் சேர வீடு இருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் இல்லத்தில் இரண்டு வாரம் போய்வந்தாள். அடுத்த பேட்ச் தயாராக வாசலில் நின்றதாம். 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் வந்துபோவதால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைப் பற்றிப் பேசியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன், எவ்வளவு அழகான படம் காட்டினாலும்.

மற்ற இடங்களில் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு எங்களோடு யார் உட்காருவார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே கையேடும் டி-ஷர்ட்டும்தான் கிடைக்கும்.

சான்றிதழ் இரண்டு மாதம் கழித்து வந்தது, இனிஷியல் தப்பு. அடுத்த கோடைக்கான படிவமும் கூடவே வந்தது. டீச்சர் வருகிறார் என்று உறுதி செய்துகொண்டு நிரப்பி அனுப்பிவிட்டேன். பரிந்துரைக்கு இந்த முறை என் விசில் துணைவனின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை அவனை யாரும் கூப்பிடவில்லை.