சவரக்கத்திக்கு முதல் கல்: நார்ட்டன் 4000/8000

மடக்குச் சவரக்கத்தி புதிதாக வாங்கியவர்களும், அலுமாரிக்குள் கிடந்த பழைய சொலிங்கன் கத்தியை எடுத்துத் துடைத்து வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, எந்தக் கல்லு வாங்கிறது?" நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தச்சுவேலை செய்பவன். உளியும் சீவுளியும் தீட்டாமல் என் பட்டறையில் வேலை தொடங்காது. முகம் வழிப்பதும் நானே தீட்டிய கத்தியால்தான். ஒரு கல்லுக்கு மட்டும் கையில் காசு இருக்கிறது என்றால் ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 இலக்கப் பொடியுள்ள நார்ட்டன் 4000/8000 கலவைக் கல்லை வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கல் விஷயத்தில் அவசரப்பட்டால் கெடுவது கத்தி, பிறகு முகம்.

உளி தீட்டத் தெரிந்தவர்கள்கூட முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உளியில் சாய்வை நம் கைதான் பிடித்துக் கொடுக்கிறது. சவரக்கத்தியில் கைக்கு அந்த வேலையே இல்லை. கத்தியின் முதுகும் கூரும் இரண்டும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிப்பும் கத்தியின் அகலமும் சேர்ந்து சாய்வைத் தீர்மானித்துவிடும். அதைக் கத்தி செய்தவர் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். நாம் செய்ய வேண்டியது முதுகைத் தூக்காமல், அழுத்தாமல் தள்ளுவது மட்டும்தான். ஆகவே கல் இம்மியும் பள்ளமில்லாமல் சமமாக இருக்க வேண்டும். உளிக் கல்லில் நடுவில் லேசான குழி விழுந்தாலும் சமாளிக்கலாம். சவரக்கத்தி அந்தக் குழியை அப்படியே தன் கூரில் வாங்கிக்கொள்ளும்.

சமத்துக்கு அடுத்தது அகலம். சவரக்கத்தியின் வெட்டும் பகுதி ஏறக்குறைய 3 அங்குல நீளம். நார்ட்டன் கல் 8 அங்குல நீளம், 3 அங்குல அகலம். கூர் முழுவதும் ஒரே நேரத்தில் கல்லில் இருக்கும். ஒடுக்கமான கல்லில் குதிப்பக்கத்திலிருந்து, அதாவது பிடிக்குக் கிட்டிய முனையிலிருந்து, நுனிவரை கத்தியைக் குறுக்காக இழுத்துக்கொண்டே தள்ள வேண்டும். அதுவும் பழக வேண்டிய கைவேலைதான், முதுகு வளைந்த பழைய கத்திகளுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் ஒரே நாளில் இரண்டு வித்தையும் படிக்க வேண்டியதில்லை.

ஸ்ரான்லி வீதி ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவது ஒரு பக்கம் பரும்பொடியும் மறுபக்கம் சன்னப்பொடியுமான சிலிக்கன் காபைட் கல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொடுவாக்கத்திக்கும், விளிம்பு உடைந்த உளிக்கும் அதைவிட நல்ல கல் இல்லை. ஆனால் அதன் சன்னப் பக்கம்கூடச் சவரக்கத்திக்கு மிகவும் பருமன். ஒரு தடவை தள்ளினாலே, பிறகு நல்ல கல்லில் அரை நாள் இருந்து அழிக்க வேண்டிய கீறல் விழும்.

இலக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தர அளவில் 1000 என்றால் பொடியின் பருமன் சுமார் 11.5 மைக்ரோன், 4000 என்றால் 3 மைக்ரோன், 8000 என்றால் 1.2 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நார்ட்டன் அமெரிக்கக் கம்பனி. மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1885 இல் தொடங்கியது, 1990 இலிருந்து பிரான்சின் செயின்ற் கோபேன் குழுமத்தில் இருக்கிறது. எல்லாக் கம்பனியும் ஒரே அளவுகோலில் இலக்கம் போடுவதில்லை. அதனால் வேறு வேறு கம்பனிக் கற்களை இலக்கத்தை மட்டும் பார்த்து ஒப்பிட வேண்டாம். பெயரே இல்லாத கல்லில் 10000 என்று அச்சடித்து இணையத்தில் மலிவாக விற்பதை நம்பிக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

சரி, கல்லுக்கு வருவோம். நார்ட்டனைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். போட்டவுடன் குமிழி குமிழியாக வரும். அது அடங்கக் கால் மணித்தியாலம் பிடிக்கும். ஊறிய பிறகு 8000 பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சந்தனம் உரைத்த கல்லில் விரல் வைத்த வழுவழுப்பு இருக்கும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கல்லில் உடனே கத்தியை வைக்கக்கூடாது. எந்தக் கம்பனிப் புதுக் கல்லானாலும் முதலில் சமப்படுத்துங்கள். படம் பிரேம் போடும் கடையில் தடித்த கண்ணாடித் துண்டொன்று கேட்டு வாங்கி, அதன்மேல் 320 ஆம் இலக்க வோட்டர் பேப்பரை நனைத்து ஒட்டுங்கள். கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு அதில் தேயுங்கள். கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கடைசிக் கோடும் போன பிறகு நான்கு விளிம்புகளையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பில் கத்தி தட்டினால் கூர் சிறிதாக உடைந்து பல் விழும்.

இனித் தீட்டுவது. கல்லில் கூர் முன்னே போக வேண்டும்; தீட்டிய பிறகு கத்தியை இழுத்துச் சீராக்கும் தோல் வாரில் முதுகு முன்னே போக வேண்டும். முனையில் திருப்பும்போது முதுகு கல்லைவிட்டு எழும்பாமல், முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும். முதல் தடவை கறுப்பு மார்க்கர் பேனையால் இரண்டு பக்கச் சாய்விலும் பூசிவிட்டு மெதுவாக ஒருமுறை தள்ளிப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. கூரின் கடைசி ஓரத்தில் மை நின்றால் கல் இன்னும் கூரைத் தொடவே இல்லை. 4000 பக்கத்தில் எல்லா மையும் ஒரே சீராகப் போகும்வரை 8000 பக்கம் திருப்ப வேண்டாம்.

இந்தக் கல்லில் நான் மிகவும் விரும்பிக் கவனிப்பது தண்ணீரை. கூர் இன்னும் கல்லோடு சேராத கத்தி தண்ணீருக்கு மேலாகப் போய்விடும், தண்ணீர் அதற்கு அடியால் நழுவும். கூர் முழுவதும் படிந்துவிட்டால், கத்திக்கு முன்னால் தண்ணீர் ஒரு வரியாகத் திரண்டு, தள்ளத் தள்ளக் கூரின்மேல் ஏறி அலகில் பரவும். நுனிப்பக்கம் ஏறாமல் குதிப்பக்கம் மட்டும் ஏறினால் எங்கே குறை என்று அங்கேயே தெரிந்துவிடும். அதோடு சத்தமும் மாறும். 4000 இல் கேட்ட சரசரப்பு 8000 இல் அநேகமாக இல்லாமல் போகும். கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது, 10 மடங்கு பெருக்கம் போதும்.

ஒரே கல்லில் இரண்டு இலக்கமும் இருப்பதால் ஒரு நல்ல முறை கைவசமாகிறது. 4000 இல் சில தள்ளு, திருப்பி 8000 இல் சில தள்ளு, மறுபடி 4000. ஒவ்வொரு சுற்றிலும் 4000 ஐக் குறைத்து 8000 ஐக் கூட்டிக்கொண்டே போய், 8000 இல் கத்தியின் பாரம் மட்டும் விழும்படி முடிப்பது. அளவுக்கு மீறித் தீட்டி, கூர் மெலிந்து பிசிர் எழும்புவதை இது பெரும்பாலும் தடுக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். இது மென்மையான கல், ஆகவே தேயும். அடிக்கடி சமப்படுத்தியே ஆக வேண்டும். 4000 பக்கம் தேய்ந்து வரும் சேறு ஒட்டிய கையோடு 8000 க்குப் போனால் கீறும். நடுவில் கத்தியையும் கல்லையும் கழுவ வேண்டும். மென்மையான தோல்காரருக்கு 8000 இன் கூர் கொஞ்சம் கடிக்கலாம். தோல் வாரில் நிதானமாக இழுத்த பிறகும் எரிந்தால் நானிவா சூப்பர் ஸ்ரோன் 12000 அடுத்த கல். அது பிசினால் இறுக்கிய கல், ஊறப்போடக்கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். ஆனால் கையின் பாரத்தை அடக்கப் பழகிய பிறகு வாங்குங்கள். அழுத்தினால் கூர் அந்த மென்மையான முகத்தைக் கிழித்துவிடும்.

கூரில் பல் விழுந்த கத்தி, துருவைச் சுரண்டி எடுத்த கத்தி என்றால் நார்ட்டன் தனியே போதாது. சாய்வைப் புதிதாக அமைக்க 1000 வேண்டும். கிங் 1000/6000 அதற்கு நல்ல கல், விலையும் தாங்கக்கூடியது, பிறகு வீட்டுக் கத்திக்கும் உதவும். 6000 பக்கத்தோடு முகம் வழிக்கப் போகாதீர்கள், அது இடைப்படிதான். சப்டன் என்ற ஜப்பானியக் கம்பனியின் குரோமாக்கு வரிசைக் கற்களை உளிக்கு நான் தினமும் பாவிக்கிறேன். ஊறப்போடத் தேவையில்லை, கல் உறுதி, 1000 செம்மஞ்சள் என்று நிறத்தாலேயே இலக்கம் தெரியும். ஆனால் ஒவ்வொரு இலக்கமும் தனிக் கல், தனிக் காசு. பெல்ஜியத்து வீல்சாம் பக்கம் தோண்டி எடுக்கும் மஞ்சள் கொற்றிக்கூல் அழகான கல்தான். கார்னட் என்ற கடினமான கனிம மணிகள் நிறைந்த இயற்கைக் கல் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது. சேற்றை எப்போது ஐதாக்குவது என்று கை அறிய வேண்டும். தொடக்கக்காரருக்கு அது வேண்டாம்.

நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கல்லில் காய்ந்தால் வெள்ளைப் படை விடும், கத்தியில் காய்ந்தால் புள்ளி விழும். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு வாளி மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் அதுவே போதும். தீட்டி முடிந்ததும் கத்தியை நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுபிசுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய கல் லேசில் காயாது. பெட்டிக்குள் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்படும் நிழலில் நிமிர்த்தி வையுங்கள், வெயிலில் வைத்து வெடிக்க விடாதீர்கள்.

நான் விசாரித்த கடைகள் எதிலும் நார்ட்டன் இல்லை. எனக்குக் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகன் கொண்டுவந்து தந்தார். புதுக் கத்தி ஒன்றின் விலையைவிடக் கல்லின் விலை குறைவு, ஆனால் ஒரு கிலோவுக்குக் கிட்டப் பாரம். கேட்பதென்றால் உறவினர் பெட்டி கட்டி முடிக்கமுன் கேளுங்கள். உடுப்புகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள், விளிம்பு உடைந்து வந்தால் அகலத்தில் அரை அங்குலம் போய்விடும்.