மண்டூருக்குப் பாதையா, பாலமா, தாம்போதியா?

மட்டக்களப்பில் 'பாதை' என்றால் வாவியைக் (ஊர்ப் பேச்சில் ஆறு) கடக்கும் மிதவை. ஆளும் ஏறும், வாகனமும் ஏறும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அங்கே பாதைக்கு வேலை இல்லாமல் போனது. வாவியின் மேற்குக் கரையில், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகனிடம் போக இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்தால் களுவாஞ்சிகுடியில் முடிவெடுங்கள். வலப்புறம் திரும்பினால் பட்டிருப்புப் பாலம், போரதீவு, வெல்லாவெளி, மண்டூர் என்று சுற்றி வரும் தார் றோட்டு. நேரே கொஞ்சம் போய் ஆற்றுப் பக்கம் இறங்கினால் பாதை ஓடும் குருமண்வெளித் துறை. கல்முனைக்காரருக்கு மூன்றாவதும் உண்டு: கிட்டங்கித் தாம்போதி (வெள்ளம் மேலால் பாயக்கூடிய தாழ்வான கட்டுப் பாதை), சவளக்கடை, அன்னமலை வழி.

வான் பிடித்துக் குடும்பத்தோடு போனால் பட்டிருப்பேதான், பேச்சில்லை. மோட்டார் சைக்கிளிலோ நடந்தோ என்றால் பாதைதான் சுகம்; சுற்று மிச்சம், காலையில் ஆறும் அசையாமல் கிடக்கும். ஏற்றும்போது கவனம்: பலகை நனைந்து பாசி பிடித்திருந்தால் முன் பிறேக்கை அழுத்தாதீர்கள், சில்லு வழுக்கும். எஞ்சினை நிறுத்தி, இறங்கி உருட்டி ஏற்றுங்கள். பாரமானவை நடுவில் நிற்கட்டும். கரை தட்டும் முன்னரே எல்லாரும் முன்பக்கம் குவிவதுதான் பொல்லாத பழக்கம். ஒரு பக்கம் பாரம் கூடினால் மிதவை சரியும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் செத்ததை மறக்கக்கூடாது. மிதப்பு அங்கி இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கம் வேண்டாம்.

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்து வரும் காலத்தில் அது எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதை அறுத்தெடுக்கும் வரை நடு ஆற்றில் நிற்க வேண்டியதுதான். கரையில் நிழலுக்கு ஒதுங்கும்போது தில்லை மரத்தின் கொப்பை ஒடிக்காதீர்கள். தில்லை மண்டூர் என்று ஊருக்குப் பேர் தந்த மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் எரிந்து வீங்கி பார்வைக்கே ஆபத்து.

ஆவணித் தீர்த்தத்துக்குப் பாதையில் நெரிசல். விடியவே துறைக்குப் போகாவிட்டால் பட்டிருப்பு மேல். இரவுத் திருவிழா பார்த்துத் திரும்புகிறவருக்கும் அதேதான், ஏனெனில் பாதை இரவிலும் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. ஏறும்போதே கடைசித் தடவை எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் கணக்கு மாறும். நவகிரிக்குளத்து வான்கதவு திறந்தால் வெல்லாவெளி - மண்டூர் றோட்டு தண்ணீருக்குள் போகும். கிட்டங்கியிலும் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். முழங்கால் அளவு என்று நம்பி இறங்கினால் இழுவை ஆளைச் சாய்க்கும், மோட்டார் சைக்கிளை விளிம்புக்குத் தள்ளும். அந்த நாட்களில் பாதையும் ஓடாவிட்டால் முருகனை எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், நின்றே கும்பிடலாம்.