பாட்டியின் யாஷிகா எலெக்ட்ரோ 35: நான்கு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மாடல் ஜிஎஸ்என், 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ். பாட்டியின் பெட்டியில் கேமராவோடு ஒரு குறிப்பு நோட்டும், தகர டப்பாவில் பட்டர் பேப்பர் சுற்றிய நெகட்டிவ்களும் இருந்தன. இதே கேமரா உங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கினால், ஃபிலிம் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். ஃபிலிமை நகர்த்தும் லீவரை முழுக்கச் சுற்றும்போது, முடிவை நெருங்கும் இடத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு கரைந்து போயிருக்கிறது, எக்ஸ்போஷர் (ஃபிலிமில் படும் வெளிச்சத்தின் அளவு) தாறுமாறாகும். ரப்பர் மலிவு, ஆனால் கேமராவைப் பிரிக்க வேண்டும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

அடுத்தது பேட்டரி. இந்தக் கேமரா கேட்பது 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. அது இப்போது கிடையாது. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி போதும். அது ஒல்லி, குட்டை. அதனால் சுற்றிலும் காகிதம் சுருட்டி, மிச்ச நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். 0.4 வோல்ட் கூடுதலால் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு இருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். பேட்டரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் எல்லாமே 1/500 விநாடியில். அது தெரியாமல் மாலை நேரத்தில் எடுத்தால் ரோல் காலி.

பின்கதவில் ஒளி கசியாமல் அடைக்கும் ஃபோம் தார் போல ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மூங்கில் குச்சியும் கொண்டு சுரண்டி எடுத்தபின், பள்ளத்தில் 2 மி.மீ. கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தால் போதும். இங்கே போட்டது பாட்டியின் பின்னல் கூடையில் மிஞ்சிய நூல். இன்றுவரை ஒளி கசியவில்லை.

இனி எக்ஸ்போஷர். அப்பெர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா முடிவு செய்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் 1/30-க்குக் கீழே, கையை ஊன்றுங்கள். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம். எதிர்வெயிலில் திருத்திக்கொள்ளத் தனி வசதி கிடையாது. இந்த இடத்தில்தான் நோட்டு கைகொடுத்தது. ஒரு வரி இப்படி: '14. திண்ணை, பின்னால் வெயில், எஃப் 4, டயல் 25.' டயல் என்பது ஃபிலிமின் ஒளியுணர்வை (ஏஎஸ்ஏ) கேமராவுக்குச் சொல்வது; உள்ளே இருந்தது 100 ஏஎஸ்ஏ ஃபிலிம். டயலை 25-க்கு இறக்கினால் கேமரா ஏமாந்து இரண்டு ஸ்டாப் அதிகம், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் கொடுக்கும். கீழேயே அடிக்கோடிட்டு, 'அடுத்ததற்கு முன் 100!' அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால், அதிக ஒளி பட்ட தெரு கன்னங்கரேலென்று அடைத்துக் கிடக்கிறது. முகத்தில் மட்டும் மூக்குத்திக் கல் வரை பிரிந்து தெரிகிறது. கேமராவோடு வந்த புத்தகத்தைவிட இந்த நோட்டு எத்தனையோ மேல்.

மீட்டரின் கண் லென்ஸுக்குள் இல்லை, உடம்பின் முன்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மஞ்சள் ஃபில்டர் போட்டால் அதை மீட்டர் அறியாது, டயலைப் பாதியாக்குங்கள். லென்ஸ் மூடியை எடுக்க மறந்தாலும் விளக்கும் வ்யூஃபைண்டரும் ஒன்றும் சொல்லாது. கழற்றிய மூடியை உடனே பைக்குள் போடுங்கள். பையில் வைக்கும்போது ஷட்டர் பட்டனைப் பூட்டவும் மறக்காதீர்கள். அழுந்திக் கிடந்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

கறுப்பு வெள்ளைக்கு எச்பி5 பிளஸ் ஃபிலிம். வீட்டில் கழுவ டி-76 டெவலப்பர் 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி.; 20 டிகிரியில் 13 நிமிடம். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிக்குள் நான்கு முறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சென்னைக் குழாய்த் தண்ணீர் வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தொடும். அதே சூட்டில் செய்தால் நேரம் மிகவும் குறுகி, டெவலப்பர் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். வாளியில் ஐஸ் போட்டு, அதில் பாட்டிலை நிறுத்திக் குளிரவையுங்கள். போர் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம், உப்புக்கறை படியும். கார் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

பழைய லெதர் உறையில் கேமராவை வைக்காதீர்கள். பூஞ்சை அதில்தான் வளரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் சூடாக்கி மீண்டும் போடலாம்.

நெகட்டிவ்களில் சிலவற்றில் புளித்த வாடை அடித்தது. அது ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைவதன் அடையாளம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் பரவும். அவற்றைத் தகர டப்பாவிலிருந்து எடுத்துத் தனித்தனிக் காகித உறைகளில் காற்றோட்டமாக வைத்து, முதலில் அவற்றையே மேக்ரோ லென்ஸில் படமெடுத்துக்கொண்டோம். உறை மேல் எழுதிய எண் நோட்டின் வரி எண்ணேதான். புதிய ரோல்களின் விவரமும் அதே நோட்டில், பாட்டி நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து தொடர்கிறது.