தண்ணீர், தூக்கம், சோறு: கேலக்டிகாவில் பல வருடக் குடித்தனம்

வணிகக் கப்பலில் இன்ஜினியராக இருப்பவன் நான். ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் கப்பலில் சேரும்போது, அதாவது சைன் ஆன் செய்யும்போது, பெட்டியில் துணியோடு ஒரு ஹார்டு டிஸ்க்கும் ஏறும். அதில் மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற விண்வெளித் தொடர் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். இந்தத் தொடரில் எதிரிகளாக வரும் சைலான் என்ற இயந்திர இனத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் எழுத ஆட்கள் நிறைய உண்டு. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அந்தக் கப்பலில் மனிதன் குடியிருக்க முடியுமா, இருந்தால் என்ன பாடுபட வேண்டும் என்பதைத்தான் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். கதை ஆங்காங்கே வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2003இல் குறுந்தொடராக வந்து, 2004 முதல் 2009 வரை நான்கு சீசன் ஓடியது. கேலக்டிகா ஓய்வுபெறப்போகும் கிழட்டுப் போர்க்கலம், அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கவில்லை, பேசுவதற்கு ஒயர் வைத்த போன். எதிரி நெட்வொர்க் வழியாக எல்லாக் கப்பலையும் முடக்கும்போது இது தப்பிப்பதற்கு அந்தப் பழமைதான் காரணம். பிறகு மிஞ்சிய ஐம்பதாயிரம் பேரை ஏற்றிய சிவிலியன் கப்பல்களுக்குக் காவலாக ஓடத் தொடங்குகிறது.

இதை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர் அதற்கு முன் பல வருடம் ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடர்களில் எழுதியவர். 1999இல் அந்த வரிசையின் ‘வாயேஜர்’ தொடரில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே விலகினார். வாயேஜரின் கதை என்ன? எழுபதாயிரம் ஒளியாண்டு தள்ளித் தனியாக மாட்டிக்கொண்ட கப்பல், பக்கத்தில் துறைமுகமே கிடையாது. ஆனால் இந்த வாரம் ஓட்டை விழுந்தால் அடுத்த வாரம் பளபளவென்று நிற்கும். கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக் எங்கே, ஸ்பேர் எங்கே, ஸ்டீல் பிளேட் எங்கே என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. கேலக்டிகாவில் பட்ட அடி பட்டதுதான். நான்காவது சீசனில் உத்தரங்களே விரிசல் விட, எதிரியின் பிசினை எடுத்துப் பூசி ஒட்டவைக்கும் நிலை வருகிறது. கௌரவமா கப்பலா என்று அட்மிரல் அடாமா தவிக்கும் அந்தக் காட்சிகளைப் பார்க்க, துருப்பிடித்த பைப்புக்கு கிளாம்ப் போட்டு அடுத்த துறைமுகம் வரை ஓட்டிய எவனுக்கும் மனசு கனக்கும்.

என் கணக்கில் முதல் மதிப்பெண் தண்ணீருக்கு. எங்கள் கப்பலில் மெயின் இன்ஜினைக் குளிர்வித்துச் சூடாக வரும் தண்ணீரை வைத்து, வெற்றிடத்தில் கடல்நீரைக் கொதிக்கவைத்து நல்ல தண்ணீர் எடுப்போம். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். நங்கூரத்தில் வாரக்கணக்கில் கிடக்கும்போது சீஃப் இன்ஜினியர் தினமும் டேங்க் அளவைக் கேட்டு முகம் சுளிப்பது அதனால்தான். விண்வெளியில் கடலே இல்லை, இருப்பதைத்தான் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து குடிக்க வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை எல்லாம் சேர்த்து 98 சதவீதம் மீட்கும் நிலையை 2023இல்தான் எட்டினார்கள். கேலக்டிகாவில் மறுசுழற்சி கிட்டத்தட்ட முழுமை, பல வருடம் தாக்குப்பிடிக்கும். கூட வரும் சிவிலியன் கப்பல்களில் அந்த வசதி கிடையாது. அவர்களுக்கும் இதன் டேங்கிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அந்த டேங்கைத்தான் முதல் சீசனில் குண்டு வைத்துத் தகர்க்கிறார்கள். பாதிக்கு மேல் தண்ணீர் வெளியே போய்விடுகிறது.

இங்கேதான் தொடர் நன்றாக யோசித்திருக்கிறது. பனிக்கட்டி இருக்கும் ஒரு நிலவைக் கண்டுபிடிக்கிறார்கள். வேறு தொடராக இருந்தால் அத்தோடு கொண்டாட்டம், முடிந்தது. இங்கே அடுத்த கேள்வி வருகிறது: பனியை யார் வெட்டுவது? உயிரை வாங்கும் வேலை, ஆள் வேண்டும். கைதிகளை ஏற்றிய கப்பலுக்குப் போய், வேலை செய்தால் விடுதலைக்கு வழி உண்டு என்று பேரம் பேசுகிறார்கள். கைதிகள் முடியாது என்கிறார்கள், கலகம் வெடிக்கிறது. கடைசியில் ஒரு தேர்தலுக்கே வாக்குக் கொடுக்க வேண்டியதாகிறது. டேங்கில் விழுந்த ஓட்டை அரசியலில் போய் நிற்கிறது. கப்பல் வாழ்க்கை இப்படித்தான், பம்ப் கெட்டால் அன்று மாலைக்குள் மனிதர்களுக்கிடையே சண்டை வந்துவிடும்.

தூக்கம். ‘33’ என்ற எபிசோட் இதற்காகவே எழுதியதுபோல இருக்கும். முப்பத்துமூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்து நிற்கிறான், இவர்கள் கப்பலோடு ஒரே நொடியில் வேறு இடத்துக்குத் தாவி ஓடுகிறார்கள், 130 மணி நேரத்துக்கும் மேலாக. எங்களுக்குச் சட்டப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும். நடைமுறையில் அந்த ரெக்கார்ட் ஷீட்டை எப்படி நிரப்புவார்கள் என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். இந்த எபிசோடில் எனக்குப் பிடித்தது சண்டை அல்ல. விழித்திருக்க மாத்திரை போடமாட்டேன் என்று பைலட் ஸ்டார்பக் இன்னொரு பைலட்டான அப்போலோவிடம் கத்துகிறாள், அவனும் கத்துகிறான், திடீரென்று இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. தூக்கம் கெட்டவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஒரு ஸ்பேனருக்காக அடிக்கப்போய், அடுத்த நிமிடம் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சாப்பாட்டில் பாதி மதிப்பெண்தான். மூன்றாவது சீசனில் உணவுக் கையிருப்பு கெட்டுப்போய், பாசி கிடைக்கும் கிரகத்துக்குக் கதிர்வீச்சு நிறைந்த பகுதியைக் கடந்து போகிறார்கள். அதன்பின் பாசிதான் சோறு. சரி, ஒப்புக்கொள்கிறேன். அதைச் சமைத்தவன் யார்? நான்கு சீசனில் ஒரு சமையல்காரனின் பெயரும் என் நினைவில் நிற்கவில்லை. கப்பலில் கேப்டன் மோசமென்றால் பொறுத்துக்கொள்வார்கள், சீஃப் குக் மோசமென்றால் பாதிப்பேர் இறங்கிப்போக சைன் ஆஃப் கேட்பார்கள். நான் மேலே திட்டிய வாயேஜர் இதில் ஜெயித்துவிட்டது. சாப்பாட்டை நொடியில் உருவாக்கும் ரெப்ளிகேட்டர் மெஷினுக்கு ரேஷன் வைத்து, நீலிக்ஸ் என்ற சமையல்காரனை அடுப்படியில் நிறுத்தி, அவன் செய்யும் லியோலா கிழங்கைப் பார்த்து எல்லோரையும் முகம் சுளிக்கவைத்தார்களே, அது அசல் மெஸ்.

திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் ஒன்று உறுத்தத் தொடங்கியது. கஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. அடாமாவின் அறையில் புத்தக அலமாரி, தோல் சோஃபா, விளக்கு, பாய்மரக் கப்பல் பொம்மை. பைலட்டுகளுக்குத் திரை போட்ட பங்க். அகதிகளுக்கு விமானக் கொட்டகையின் தரை. இதைத் தொடரும் தெரிந்தே செய்கிறது என்பதற்குச் சாட்சி ‘டர்ட்டி ஹேண்ட்ஸ்’ எபிசோட். எரிபொருள் சுத்திகரிக்கும் கப்பலில் லீவு கிடையாது, மாற்று ஆள் கிடையாது, சிறுவர்கள் வேலை செய்கிறார்கள். பழைய உலகில் என்ன வேலை பார்த்தாயோ அதுவே உன் தலையெழுத்து, உன் பிள்ளைக்கும் அதே. ஒரு கோடை முழுக்கப் பண்ணையில் வேலை செய்தேன் என்று சொன்ன பையனைக்கூட உடலுழைப்புக்கு இழுத்துவிடுகிறார்கள். விமானப் பராமரிப்பைப் பார்க்கும் டெக் சீஃப் டிரோல் வேலைநிறுத்தம் அறிவிக்க, அவன் மனைவியைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவேன் என்கிறார் அடாமா. இத்தனை எபிசோடும் நாம் அப்பா ஸ்தானத்தில் வைத்துப் பார்த்த மனிதர்! ரேட்டிங்ஸ் எனப்படும், அதிகாரி அல்லாத ஊழியர்களின் மெஸ்ஸில் இதைப் போட்டபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு ஃபிட்டர், “சார், நாலு ஸ்டிரைப் வந்தா எல்லாருக்கும் இது வந்துரும்” என்றார். நாலு ஸ்டிரைப் என்றால் தோளில் நான்கு பட்டை போடும் கேப்டன், சீஃப் இன்ஜினியர் பதவி.

குறைகளும் உண்டு. கப்பல் இவ்வளவு அமைதியாக இருக்காது. வென்டிலேஷன் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும், ஏனென்றால் கப்பல் முழுக்க மின்சாரம் போய்விட்டது, அதாவது பிளாக்அவுட், என்று அர்த்தம். கேலக்டிகாவின் கட்டுப்பாட்டு அறையில் கிசுகிசுத்தாலும் கேட்கிறது. அதிர்வு இல்லை, வெக்கை பெரிதாக இல்லை. எதுவெல்லாமோ வெடித்தாலும் செயற்கை ஈர்ப்புவிசை மட்டும் பழுதாவதில்லை. அந்த மெஷின் கம்பெனி யாரென்று தெரிந்தால் எங்கள் எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையரையும் அவர்களிடமே வாங்கலாம்.

மற்ற கலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ்-டி கப்பலே அல்ல, கார்பெட் விரித்த ஹோட்டல், ஆயிரம் பேர் குடும்பத்தோடு தங்குகிறார்கள். அதே வரிசையின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வரும் டிஃபையன்ட் பரவாயில்லை, அடுக்குக் கட்டில், குறுகலான அறை, போருக்கென்றே கட்டியது என்று பார்த்தவுடன் தெரியும். ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடர் உடம்பு படும் பாட்டில் கேலக்டிகாவையே மிஞ்சும்: வேகம் கூட்டினால் நாற்காலியில் அழுத்திவைத்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும், அப்படியும் ஆள் போய்விடலாம். ஆனால் அதன் கப்பலான ரோசினான்டேயில் நாலே பேர், கேபினுக்குச் சண்டையே இல்லை. கூட்டமில்லாத போர்க்கப்பலில் கஷ்டத்தின் பாதி காணாமல் போய்விடுகிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் குறுந்தொடரைத் தவிர்க்காதீர்கள், அது இல்லாமல் ‘33’ புரியாது. மூன்றாவது சீசனின் நடுப்பகுதி இழுவை என்று பலர் தள்ளிவிடச் சொல்வார்கள். அதில் வரும் ‘தி வுமன் கிங்’ எபிசோட் கதையாகச் சுமார்தான். ஆனாலும் கொட்டகையில் நெருக்கியடித்துக் கிடக்கும் அகதிகள், நோய், மருந்துக்கு வரிசை, டாக்டர் மீது சந்தேகம் எல்லாம் ஒரே இடத்தில் வருவது அதில்தான். நான் அதைத் தாண்டுவதில்லை.