நிலநடுக்கத்துக்குப் பின்: கூடாரமா, தார்ப்பாயா?

குடும்பக் கூடாரம் ஒன்று சுமார் 55 கிலோ. 4க்கு 6 மீட்டர் தார்ப்பாய் ஏறத்தாழ 5 கிலோதான். சாலை பிளந்து கிடக்கும் முதல் வாரத்தில் இந்த எடையே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

கூடாரத்தில் 16 சதுர மீட்டர் தளம், ஆளுக்கு 3.5 என்ற ஸ்பியர் (பேரிடர் நிவாரணத்துக்கான பன்னாட்டுத் தரக் கையேடு) அளவுப்படி நாலு பேருக்குத் தாராளம். ஆனால் வெயிலில் துணி இற்றுப்போகும், ஓராண்டுக்கு மேல் தாங்குவது அரிது. தார்ப்பாயோ இடிபாட்டில் எடுத்த மரச்சட்டத்தின் மேல் இன்று குடில், நாளை புது வீட்டுக் கூரைக்கடியில் நீர்த்தடுப்பு. அது கிழிவது பெரும்பாலும் ஆணி அடித்த இடத்தில்தான். சோடா மூடியை வாஷராக வைத்து அடித்தால் காற்று எளிதில் பிய்க்காது.

மரமும் கட்ட ஆளும் இல்லையா, கூடாரமே மேல். எதுவானாலும் தீ தாவாதபடி ஒன்றுக்கொன்று இடைவெளி 2 மீட்டருக்குக் குறையக் கூடாது.